ஏரியில் இறங்க ஒரு விமானம்

என்னிடம் இருக்கும் அயன் பெட்டி ஒரு விமானத்தின் இறக்கைகளை அயன் பண்ணியிருக்கிறது. இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் காற்சட்டைகளுக்குக் கரை மடித்துத் தைப்பதும், கலியாணக் காலத்தில் சாறிச் சட்டை தைப்பதும்தான் என் வேலை. அப்படிப்பட்டவளுக்கு விமானத்தோடு என்ன சங்காத்தம் என்று யாரும் கேட்பது நியாயம்தான். ஆனால் பெட்டியின் அடித்தட்டில் ஓரமாக ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. இறக்கைத் துணியை ஒட்டும் பசை அது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வேறு பெட்டி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் அத்தானுடையது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காலம் தொட்டு விமானங்களின் உடற்பகுதிகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தகடுகளைப் பொருத்தும் றிவற் ஆணி அடித்தவர். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட வாய் திறந்து கேட்க மாட்டார், எழுந்து போய்த் தானே எடுத்து வருவார். அவருக்கும் அக்காவுக்கும் ஒரே மகன். எனக்குப் பெறாமகன். நானும் அவர்களோடு அதே வீட்டில்தான் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு, நண்பர்களுடன் வடக்கே வள்ளம் வலிக்கப் போனான். ரோட்டு இல்லாத ஓர் ஏரி அது. சின்ன ஏரிகளைக் கடந்து, இடையில் வள்ளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளால் நடந்து போய்ச் சேரவேண்டும். பனி உருகி அதிக நாளாகவில்லை. வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள், அவன் வரவில்லை. தேடி எடுத்த பிறகு, பொலிசாரின் மிதவை விமானம் ஒன்று அந்தத் தண்ணீரிலேயே வந்து இறங்கி அவனை ஏற்றிக்கொண்டு வந்தது.

இதை எழுதும்போது எனக்கு அழுகை ஒன்றும் வரவில்லை. அப்போதும் வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு அக்கா தானே நின்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "அக்காவை அழப் பண்ணுங்கோ, பிள்ளை, உள்ளுக்கை வைச்சிருந்தாக் கூடாது," என்று ஓர் அன்ரி என் காதுக்குள் சொன்னார். எப்படி அழப் பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் வாசலில் நின்று, வந்தவர்களின் சப்பாத்துகளைச் சோடி சோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆண்டுத்திவசம் கழிந்த பிறகு ஒரு நாள், கறிக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் பொதுவாக, தான் அந்த ஏரிக்குப் போகவேண்டும் என்றார் அத்தான். நடந்து போக அவருடைய முழங்கால் விடாது. ஏரிகளில் இறங்கும் விமானங்களை வாடகைக்குப் பிடிக்கலாமே என்றேன். விசாரித்ததாகச் சொன்னார். "அவங்கள் கொண்டுபோய் இறக்குவாங்கள், பிள்ளை. ஆனா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிப்பாங்கள். அங்கை எவ்வளவு நேரம் இருக்கிறது எண்டதை நான்தான் முடிவெடுக்கவேணும்." அக்கா கத்தரிக்காயை வெட்டிக்கொண்டேயிருந்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மனிதர் அந்த ஏரியில் போய் இறங்குவார், திரும்பி எழும்ப மாட்டார் என்பதே அது. பிறகு நடந்த எல்லாவற்றுக்குள்ளும் அந்தப் பயத்தோடுதான் நான் நின்றேன். துணியை வெட்டும்போதும் நின்றேன், பசை பூசும்போதும் நின்றேன்.

விமானத்தை முதலில் பார்த்தபோது அது விமானம் என்றே எனக்குத் தெரியவில்லை. மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பண்ணையில், வைக்கோல் அடுக்கும் கொட்டிலுக்குள் ஒரு வள்ளம் கிடந்தது. கண்ணாடியிழையில் செய்த வெள்ளை வள்ளம். அதன் இரண்டு பக்கமும் நண்டுக்கு இருப்பது போல மடிந்த கால்கள், கால்களில் காற்றுப் போன சின்னச் சில்லுகள், அதாவது சக்கரங்கள். சுவரோடு சாய்த்து வைத்திருந்த அலுமினியக் குழாய்ச் சட்டங்கள்தான் இறக்கைகளாம். சில்லை மடக்கினால் தண்ணீரில் இறங்கும், விரித்தால் தரையில் இறங்கும். பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டிலேயே பொருத்திப் பூட்டிக்கொள்ளும் சாதி விமானம் என்று அத்தான் விளக்கினார். விற்றவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மனைவியோடு ஏரி ஏரியாகப் போய் இறங்கலாம் என்று வாங்கினாராம், பாதி பூட்டினாராம், பிறகு மனைவி வருத்தம் வந்து படுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் தார்ப்பாயை எடுத்துப் பார்க்கவேயில்லை. எஞ்சின் இருந்த மரப்பெட்டியின் ஆணிகள்கூடக் கழற்றப்படவில்லை. எங்கே பறக்கப் போகிறாய் என்று அத்தானைக் கேட்டார். ஓர் ஏரிக்கு என்றார் அத்தான். ஓர் ஏரிக்கு மட்டுமா என்று கிழவர் திருப்பிக் கேட்டார். அத்தான் ஓம் என்று தலையை ஆட்டினார். கிழவர், தார்ப்பாயையும் கொண்டுபோ, எனக்கு இனித் தேவையில்லை என்றார்.

வள்ளத்தை ஒரு சின்ன விமானத் தளத்தின் மூலையில் வாடகைக்கு வைத்தாயிற்று. இறக்கைகளை மட்டும் வீட்டுக் கராஜில் வைத்து வேலை செய்வதாக ஏற்பாடு. ஆனால் கராஜுக்குள் பெறாமகனின் கார் நின்றது. அவன் ஏரிக்குப் போகும்போது நண்பனின் காரில் போனதால், தன்னுடையதை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. காரின் திறப்பைப் போட்டு முறுக்கினால் ஒரு சத்தமும் வரவில்லை, பற்றறி செத்துக் கிடந்தது. நானும் அக்காவும் பின்னால் நின்று தள்ள, அத்தான் கதவுக்குள்ளால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காரை வீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டோம். உள்ளே ஆசனத்தில் அவனுடைய ஒரு தொப்பி கிடந்தது, அதையும் அப்படியே விட்டோம். அந்த மாரி முழுவதும் பனி கொட்டிய ஒவ்வொரு காலையும் அக்கா வெளியே போய் அந்தக் காரின் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டு வந்தாள். ஓடாத காருக்கு ஏன் தட்டுகிறாய் என்று பக்கத்து வீட்டார் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஊர் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனிசன் பிளேன் கட்டுறாராம் என்ற கதை பிறம்ரன் நகர் வரைக்கும் போய்த் திரும்பி எங்கள் கடைக்கே வந்தது. ஒருவர் விசர், பைத்தியம் என்றார், இன்னொருவர் கொழுப்பு என்றார். எனக்கும் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் வாய்க்குள் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நிற்பவளுக்குப் பேசாமல் இருப்பது சுலபம்.

நெடுங்காலம் கிடந்த பொருளுக்கு வேலை வைப்பது எலி என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். இறக்கைச் சட்டத்தின் மூலைகளில் எலிக் கூடுகள். எலி மூத்திரம் பட்ட இடமெல்லாம் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அத்தான் அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார். எரிபொருள் போகும் றப்பர்க் குழாய்களைத் தொட்டால் அப்பளம் போல உடைந்தன. கூடவே வந்த இறக்கைத் துணி மடிப்புகளில் பழுத்துப் போயிருந்தது, அதையும் எறிந்துவிட்டுப் புதிது எடுத்தார். துணி வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உது உம்மடை வேலை," என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

துணியைச் சட்டத்தில் தளர்வாக ஒட்டிவிட்டு, சூடான அயன் பெட்டியால் மெல்ல மெல்லத் தடவ வேண்டும். சூடு பட்டதும் துணி சுருங்கி இறுகும். சூடு குறைந்தால் தொய்யும், கூடினால் உருகி ஓட்டை விழும். அத்தான் என் பெட்டியின் தட்டில் வெப்பமானியை வைத்து, திருகியில் பேனாவால் கோடு போட்டுத் தந்தார். விரலால் சுண்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும் வரைக்கும் தேய்த்தேன். அதற்குப் பிறகு தையல். இறக்கையை நிமிர்த்தி வைத்து, நீட்டு ஊசியை ஒரு பக்கத்தால் குத்தினால் மறுபக்கத்தில் ஒருவர் வாங்கித் திருப்பிக் குத்தித் தர வேண்டும். மறுபக்கத்தில் அக்கா வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை. வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முகம் தெரியாது, ஊசி மட்டும் வந்து வந்து போகும். மூடிய கராஜுக்குள்ளும் குளிர் ஏறி விரல்கள் விறைத்துப் போயிருந்தன. குத்துப்பட்டால்கூட உடனே தெரியாது, துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒரு நாள் இறக்கைக்கு அந்தப் பக்கமிருந்து அவளுடைய குரல் வந்தது.

"இதிலை ரெண்டு பேர் இருக்கலாமோடி?"

"ஓமக்கா. பக்கத்திலை இன்னொரு சீற் இருக்கு."

ஊசி திரும்பி வந்தது.

இதற்கிடையில் அத்தான் சனி ஞாயிறுகளில் போய் விமானம் ஓட்டப் பழகினார். தண்ணீரில் இறங்கப் பழக்கிய மனிதர் அவருக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இந்த வகை விமானத்தில் ஆட்கள் சாவது ஒரே பிழையால்தான்: சில்லை மடக்க மறந்து தண்ணீரில் இறங்குவது. தொங்கும் சில்லு தண்ணீரில் கொழுவி இழுக்க, விமானம் அப்படியே தலைகீழாகப் புரளும். அதனால் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் எங்கே இறங்குகிறேன், சில்லு எங்கே நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அத்தான் அதைத் தமிழில் சொன்னார். "தண்ணியிலை இறங்கிறன். சில்லு மேலை." கார் ஓட்டும்போது சொன்னார், கோப்பை கழுவும்போது சொன்னார், சும்மா கதிரையில் இருக்கும்போதும் உதடு அசையும். பேசாத மனிதர் பேசத் தொடங்கியதும் பேசிய வசனம் இது. நான் ஒருமுறை சோற்றைப் பிசைந்துகொண்டு, "சோத்திலை இறங்கிறன், கை கீழை," என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தான் மட்டும் என்னைப் பார்த்து, "வடிவாச் சொன்னீர்," என்றார்.

அரசாங்கத்திலிருந்து வந்து பார்த்தவர் என் தையலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கோடை முழுவதும் பரிசோதனைப் பறப்பு. சிம்கோ ஏரியில் இறங்கி ஏறினார், ஒரு குறையும் இல்லை. இலைகள் பழுக்கத் தொடங்கிய ஒரு நாள் காலையில், இன்றைக்கு அங்கே போகிறேன் என்றார்.

விமானத் தளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சோளத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நீட்டுப் புற்றரை, ஓரத்தில் தகரக் கொட்டில்கள். அக்கா அன்றைக்குத்தான் முதல்முறை அங்கே வந்தாள். அத்தான் விமானத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து முடித்துவிட்டு, மிதவை அங்கியை எடுத்துப் போடக் கொட்டிலுக்குள் போனார். அந்த நேரத்தில் அக்கா விமானத்துக்குக் கிட்டப் போய், சில்லடியில் குனிந்தாள். தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் சனம் புதுக் கார் எடுத்தாலும் அப்படித்தானே. அத்தான் வந்து ஏறினார். எஞ்சின் அலறியது. புல்லில் ஓடி, எழும்பி, சோளத்துக்கு மேலால் போனார். நான் கையை ஆட்டினேனா என்று ஞாபகமில்லை. ஆட்டினாலும் அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது.

ஆனால் சத்தம் தூரப் போகவில்லை. ஒரு வட்டம் அடித்து, மறுபடியும் ஒரு வட்டம் அடித்து, விமானம் அதே புல்லில் வந்து இறங்கியது. சில்லுகள் கீழே இருந்தன. அத்தான் இறங்கி நேரே இடப்பக்கச் சில்லின் காலடியில் முழங்கால் போட்டார். கால் மடியும் மூட்டுக்குள் விரலை விட்டு எதையோ பிடுங்கி எடுத்தார். கிறீஸ் பிரண்ட ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் ஒரு காசு. நேர்த்திக் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், புருசன் தூரப் பயணம் போனால், கடவுளுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைப்போம், எண்ணியது நடந்த பின் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவோம். வழக்கமாகச் சாமித் தட்டில்தான் வைப்பது. அத்தான் ஓயாமல் சில்லு சில்லு என்று சொல்லிக்கொண்டிருந்ததால், ஆபத்து அங்கேதான் என்று அக்கா அதைச் சில்லிலேயே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள். கால் மேலே மடியும்போது முடிச்சு மூட்டுக்குள் அகப்பட்டு, பூட்டு விழாமல் தடுத்துவிட்டது.

"ஆர் கட்டினது?" என்றார் அத்தான்.

"நான்தான்."

"சில்லு மடக்கிற கைபிடி முழுக்க வரேல்லை. அதைப் பாக்காமல் போய்த் தண்ணியிலை இறங்கியிருந்தா ஆள் முடிஞ்சுது." கோபம் இல்லாத குரல். தொழிற்சாலையில் ஒரு பழுதைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார். கையில் இருந்த முடிச்சைப் பார்த்தார். "உதை மடியிலை வைச்சிருந்தாப் போதாதோ?"

"மடியிலை வைச்சிருக்கிறதெண்டா நானுமெல்லோ வரவேணும்."

அத்தான் முடிச்சில் பிரண்டிருந்த கிறீஸை விரலால் துடைத்து, அதை அக்காவிடம் நீட்டினார். பிறகு, "அப்ப ஏறுமன்," என்றார்.

கொட்டிலில் இன்னொரு மிதவை அங்கி இருந்தது. அதை அக்காவுக்குப் போட்டு வார் இழுத்துவிட்டது நான்தான். இழுத்துக்கொண்டே, "என்ன நேர்த்தியக்கா வைச்சனீ?" என்று கேட்டேன். திரும்பி வரவேண்டும் என்று நேர்ந்திருப்பாள், அதைக் காதால் கேட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று கேட்டேன்.

"நல்லபடியா அந்த ஏரியிலை போய் இறங்கவேணும் எண்டு," என்றாள். வாரைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "திரும்பி வாறதைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லையடி."

ஏறிவிட்டார்கள். ஒருவருக்காக இருந்த பயம் இருவருக்காக ஆகிவிட்டது. விமானம் மரங்களுக்கு மேலே சிறுத்து, பிறகு இல்லாமல் போயிற்று. நான் கொட்டில் நிழலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தேன். பெற்றோர் இருவரும் போய்விட்டார்கள், மகன் முன்னமே போய்விட்டான், அந்த வீட்டில் எஞ்சியது நான்தான் என்று ஒரு யோசனை வந்தது. வந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் ஏறவில்லை. கார்த் திறப்பு யாரிடம் இருக்கிறது, அடுப்பை நிறுத்திவிட்டு வந்தோமா என்றெல்லாம் யோசித்தேன். பக்கத்துக் கொட்டில்காரர் கோப்பி கொண்டுவந்து தந்தார். அது ஆறிப்போனது. வெயில் புற்றரையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. இனி யாருக்காவது சொல்ல வேண்டும், யாருக்கு முதலில் சொல்வது என்று எண்ணத் தொடங்கியபோது வடக்கிலிருந்து சத்தம் கேட்டது. எழுந்து நின்றேன். கால் மரத்துப்போயிருந்ததால் கொட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கி வந்தவர்களின் முகத்தில் எதையாவது பார்க்கலாம் என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. "என்னக்கா?" என்றேன்.

"ஒண்டுமில்லையடி. தண்ணி. சுத்திவர மரம். அங்கை ஒருத்தருமில்லை."

"எஞ்சினை நிப்பாட்டினன்," என்றார் அத்தான். "பேந்து திருப்பிப் போட்டன். பிடிச்சுது."

"நான்தான் போடச் சொன்னன்," என்றாள் அக்கா. "தங்கச்சி அங்கை புல்லுக்கை தனிய நிப்பாள் எண்டு."

அந்த விமானம் இப்போது அத்தானிடம் இல்லை. அடுத்த ஆண்டே கிழக்கே ஒருவருக்கு விற்றுவிட்டார். காசைக் கோயிலில் செலுத்தியாயிற்று. கராஜுக்குள் மறுபடியும் கார் நிற்கிறது, பற்றறி மாற்றி அத்தான்தான் ஓட்டுகிறார். அவர்களைப் பற்றி யாராவது விசாரித்தால் சுகமாக இருக்கிறார்கள் என்று சொல்கிறேன், அது பொய்யும் இல்லை. ஆனால் நான் அந்த நாளை நினைத்தால் எனக்கு வருவது அவர்கள் போன ஏரி அல்ல. அதை நான் பார்த்ததே இல்லை. திரும்பி வந்த பிறகு நடந்ததுதான்.

தண்ணீரில் இறங்கி ஏறும்போது விமானத்தின் வள்ளத்துக்குள் கொஞ்சம் ஏரித் தண்ணீர் வந்துவிடும். தரைக்கு வந்ததும் வாலடியில் இருக்கும் மூடியைத் திருகி வடியவிட வேண்டும். அத்தான் வழக்கம்போலக் குனிந்து மூடியைத் திருகினார். நூல்போல ஒரு தண்ணீர் புல்லில் விழத் தொடங்கியது. அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புல்லில் குந்தி, உள்ளங்கையை அதற்குக் கீழே நீட்டினாள். கை நிறைந்து, மணிக்கட்டால் வழிந்து, சட்டைக் கை நனைந்தது. அவள் எடுக்கவில்லை.

"குளிருதப்பா," என்றாள் அத்தானைப் பார்த்து. "சரியாக் குளிருது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வாய் கோணியது. இரண்டு வருடங்களாக வராத சத்தம் ஒன்று அவளிடமிருந்து வந்தது. அத்தான் மூடியைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்தார். நனைந்த அந்தக் கையைப் பிடித்து, தன்னுடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, சூடு வரட்டும் என்று தேய்க்கத் தொடங்கினார். அழுதுகொண்டே தேய்த்தார். தண்ணீர் முழுவதும் வடிந்து முடிந்த பிறகும் அவர் விடவில்லை.